பழைய ஃபிராக்டல் மென்பொருள்கள்: ஓயாமல் வரும் கேள்விகளும் என் பதில்களும்

1996-இல் ஒரு கணினி மையத்தில், மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்த ஒரு 486 கணினியில்தான் ஃபிராக்டல் படங்கள் வரையும் ஃபிராக்டின்ட் என்ற மென்பொருளை முதன்முதலாகப் பார்த்தேன். அன்று பிடித்த கிறுக்கு இன்னும் தெளியவில்லை. இது தெரிந்த நண்பர்கள், நண்பர்களின் பிள்ளைகள், பரணில் ஃபிளாப்பிப் பெட்டியைக் கண்டெடுத்தவர்கள் எனப் பலரும் கேட்பார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. தனித்தனியாகப் பதில் சொல்லிக் களைத்துப்போய், கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன்.

ஃபிராக்டல் என்றால் என்ன? கணக்கு வராதவனுக்கும் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

பூக்கோசில் ஒரு கிளையை ஒடித்துப் பாருங்கள். அதுவே ஒரு குட்டிப் பூக்கோசு. அதிலிருந்து இன்னொரு துண்டை ஒடித்தால் அதுவும் அப்படியே. எவ்வளவு கிட்டே போனாலும் விவரம் தீராத இத்தகைய உருவங்களுக்கு பெனுவா மாண்டெல்பிராட் 1975-இல் ஃபிராக்டல் என்று பெயரிட்டார். தமிழில் பகுவல் என்கிறார்கள். நான் பழக்கத்தில் ஃபிராக்டல் என்றே எழுதுகிறேன்.

கணினியில் நாம் அதிகம் பார்ப்பது அவர் பெயரிலேயே உள்ள மாண்டெல்பிராட் கணத்தை. செய்முறை அற்பமானது. சுழியத்தில் தொடங்கு, கையிலுள்ள எண்ணை அதாலேயே பெருக்கு, திரையின் அந்தப் புள்ளிக்குரிய எண்ணைக் கூட்டு, வந்ததை மறுபடி அதாலேயே பெருக்கு, மறுபடி கூட்டு. விடை மையத்திலிருந்து 2-க்கும் அப்பால் போய்விட்டால் அது திரும்பி வராது. எத்தனையாவது சுற்றில் ஓடியது என்பதைப் பொறுத்து அந்தப் புள்ளிக்கு ஒரு நிறம். கடைசிவரை ஓடாத புள்ளிகள் கணத்தைச் சேர்ந்தவை. எண்கள் இரு பாகம் கொண்ட கலப்பெண்கள் என்பது மட்டுமே இதில் கூடுதல் சிக்கல்.

இதை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்தது யார்?

மாண்டெல்பிராட் 1980-இல் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் அந்தப் படங்களைப் பார்த்தபோது, அது பெரிய கணினி வைத்திருந்தவர்களின் தனிச் சொத்தாக இருந்தது. 1985 ஆகஸ்டில் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் ஏ. கே. டியூட்னி தம் பத்தியில் செய்முறையை விளக்கினார், அட்டைப்படமும் அதுதான். படித்தவர்கள் பேசிக்கிலும் பாஸ்கலிலும் பத்து வரி எழுதி, இரவெல்லாம் கணினியை ஓடவிட்டு, காலையில் எழுந்து படம் பார்த்தார்கள்.

பிறகு தயாராகக் கிடைக்கும் மென்பொருள்கள் வந்தன. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயக்குதளத்தில் ஃபிராக்டின்ட், ரூடி ரக்கர் முன்னின்று செய்து ஆட்டோடெஸ்க் விற்ற 'கேயாஸ்', விண்டோஸில் டியராசான், ஃபிராக்டல் எக்ஸ்புளோரர், போட்டோஷாப்புக்குள் செருகிக்கொள்ளும் கேபிடி (காய்ஸ் பவர் டூல்ஸ்), பின்னர் அபோஃபிசிஸ். ஃபிராக்டல் டிசைன் பெயின்டர் என்று ஒன்று உண்டு. பெயரைப் பார்த்து ஏமாந்து அதைத் தேடிப் போகாதீர்கள். அது தூரிகையும் எண்ணெய் வண்ணமும் போல ஓவியம் தீட்டுவதற்கான மென்பொருள், அந்த நிறுவனத்தின் பெயர் ஃபிராக்டல் டிசைன், அவ்வளவுதான். என் பதில்கள் பெரும்பாலும் ஃபிராக்டின்ட்டைச் சுற்றியே இருக்கும். கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் கேட்கிறார்கள். எனக்கும் அதன்மேல்தான் பாசம்.

ஃபிராக்டின்ட் என்ற பெயரில் அந்த 'இன்ட்' எதற்கு?

முழு எண் என்பதற்கான ஆங்கிலச் சொல்லான இன்டிஜரின் சுருக்கம் அது. அந்த மென்பொருளின் உயிரே அந்த மூன்றெழுத்தில்தான் இருந்தது.

1988-இல் பெர்ட் டைலர் இதை எழுதியபோது வைத்த பெயர் ஃபிராக்ட்386. அன்றைய 386 கணினிக்குத் தசமக் கணக்கு சுலபத்தில் வராது. அதற்கென்று 387 என்ற துணைச் சில்லைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கிச் செருக வேண்டும். வாங்காதவர்களின் கணினியில் ஒவ்வொரு தசமப் பெருக்கலும் நத்தை வேகம்தான். ஆனால் முழு எண்களை 386 விரைவாகப் பெருக்கும். டைலர் செய்தது நம் மளிகைக் கடைக்காரர் செய்வதுதான்: 12.75 ரூபாய் என்று எழுதாமல் 1275 பைசா என்று எழுதிக்கொண்டால் புள்ளிக்கே வேலை இல்லை. 32 பிட்டில் ஒன்றைக் கூட்டலா கழித்தலா என்ற குறிக்கும், இரண்டை முழு எண் பாகத்துக்கும் விட்டு, மீதி 29 பிட்டையும் பின்னத்துக்கு ஒதுக்கினார். அதாவது ஒரு 'ரூபாய்' 53,68,70,912 'பைசா'வாக உடைக்கப்பட்டது.

பலன் என்ன தெரியுமா? 320-க்கு 200 திரையில் 64,000 புள்ளிகள். புள்ளிக்கு அதிகபட்சம் 150 சுற்று என்பது இதன் இயல்பு அமைப்பு. எல்லாம் கணத்துக்குள் விழுந்தால் 96 லட்சம் சுற்று. ஒவ்வொன்றிலும் மூன்று பெருக்கல். இரவு முழுக்க ஆன வேலை, தேநீர் குடித்து வருவதற்குள் முடிந்தது. அடுத்த ஆண்டே 286 கணினியிலும் ஓடும்படி செய்தார்கள். பெயரில் 386 இருந்தால் பொருந்தாது என்று அப்போதுதான் ஃபிராக்டின்ட் ஆனது.

இலவசமாகக் கொடுத்தார்களாமே. செய்தவர்களுக்கு அதில் என்ன லாபம்?

காசாக எதுவும் இல்லை. செய்தவர்கள் தங்களை 'கல் சூப் குழு' என்று அழைத்துக்கொண்டார்கள். ஐரோப்பாவில் ஒரு நாட்டுப்புறக் கதை உண்டு. பசியோடு ஊருக்குள் வந்த வழிப்போக்கன், வெறும் கல்லைக் கொதிக்கவைத்து சூப் செய்வதாகச் சொல்கிறான். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு கேரட், ஒரு பிடி உப்பு, ஒரு துண்டு இறைச்சி என்று போட, கடைசியில் நிஜமாகவே சூப் ஆகிவிடுகிறது. டைலர் போட்டது கல். டிம் வெக்னர், மார்க் பீட்டர்சன், பீட்டர் பிரான்டர்ஹார்ஸ்ட் போன்றோர் மற்றதைப் போட்டார்கள். இவர்களின் கூட்டு வேலை பெரும்பாலும் கம்ப்யூசர்வ் என்ற தொலைபேசி வழி இணைப்புச் சேவையில் நடந்தது.

மூல நிரலையும் சேர்த்தே கொடுத்தார்கள். யாரும் படி எடுக்கலாம், விற்கக் கூடாது என்பதே நிபந்தனை.

நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை ஏன் நிறுத்தினார்கள்?

ஒருநாளில் யாரும் கூடி உட்கார்ந்து நிறுத்தவில்லை. பதிப்பு எண் 20-ஐத் தாண்டியும் திருத்தங்கள் வந்தன. ஆனால் அது நின்றிருந்த தரை நழுவிவிட்டது. அதன் வேகத்துக்கு இரண்டு காரணங்கள்: பாதி நிரல் இன்டெல் சில்லின் அசெம்பிளி மொழியிலேயே எழுதப்பட்டிருந்தது, திரை அட்டையோடு நடுவில் யாரும் இல்லாமல் நேராகப் பேசியது. விண்டோஸ் வந்ததும் இந்த இரண்டுமே பாரமாகிவிட்டன. விண்டோஸ் எந்த நிரலையும் திரையை நேராகத் தொட விடாது. அசெம்பிளியை வேறு வகைக் கணினிக்கு அப்படியே எடுத்துச் செல்லவும் முடியாது.

அதற்குள் சில்லுகளிலேயே தசமக் கணக்கு வேகமாகிவிட்டது. முழு எண் தந்திரத்துக்குத் தேவையே இல்லாமல் போனது. விண்டோஸுக்கு வின்ஃபிராக்ட், யூனிக்ஸுக்கு எக்ஸ்ஃபிராக்டின்ட் என்று கிளைகள் வந்தன. இப்போது அதே மூல நிரலைத் துலக்கி எழுதும் முயற்சி 'இட்டரேட்டட் டைனமிக்ஸ்' என்ற பெயரில் நடக்கிறது.

விண்டோஸ் 11-இல் திறந்தால் 'இந்த நிரல் உங்கள் கணினியில் ஓடாது' என்கிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

கெடவில்லை. ஃபிராக்டின்ட் 16 பிட் டாஸ் நிரல். 64 பிட் விண்டோஸில் அதை ஓட்டும் பகுதியே கிடையாது. டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். அது உங்கள் கணினிக்குள் ஒரு பழைய கணினியை நடிக்கவைக்கும். ஃபிராக்டின்ட் உள்ள கோப்புறையை 'மவுண்ட்' கட்டளையால் சி வட்டாகக் காட்டிவிட்டு, அங்கே போய்ப் பெயரைத் தட்டினால் போதும். மந்தமாக இருந்தால் கன்ட்ரோலோடு எஃப்12-ஐச் சில முறை அழுத்துங்கள். நடிக்கும் கணினியின் வேகம் கூடும்.

செல்போனிலும் டாஸ்பாக்ஸ் வகையறா உண்டு. ஆனால் ஃபிராக்டின்ட் விசைப்பலகையை நம்பிப் பிறந்தது. விரலால் கண்ணாடியைத் தேய்த்து அதை ஓட்டுவது, கையுறை போட்டுக்கொண்டு பூத் தொடுப்பது மாதிரி.

திறந்துவிட்டேன். இப்போது எதை அழுத்துவது?

டெலீட் விசையை அழுத்தினால் திரை முறைகளின் பட்டியல் வரும். முதலில் 320-க்கு 200, 256 நிறம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். மாண்டெல்பிராட் கணம் உடனே வரையப்படும். பேஜ் அப் அழுத்தினால் ஒரு சட்டம் தோன்றும். அம்புக்குறிகளால் நகர்த்தி, பேஜ் அப், பேஜ் டவுனால் அளவை மாற்றி, என்டர் தட்டினால் அந்த இடம் பெரிதாகும். டி அழுத்தினால் வகைகளின் பட்டியல், எக்ஸ் அழுத்தினால் அமைப்புகள், டேப் அழுத்தினால் நீங்கள் நிற்கும் இடத்தின் எண்கள். எஸ் சேமிக்கும்.

எல்லோரும் கோட்டைவிடும் விசை ஒன்று உண்டு: ஸ்பேஸ் பார். மாண்டெல்பிராட்டில் ஓர் இடத்தைக் குறித்து அதை அழுத்தினால், அந்த இடத்தின் எண்ணையே எல்லாப் புள்ளிகளுக்கும் கூட்டி வரையும் ஜூலியா கணத்துக்குப் போய்விடும். விளிம்பை ஒட்டிய இடங்களில் இதைச் செய்து பாருங்கள். நானாகக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று, அதுவும் கை தவறிப் பட்டதால்.

சி-யை அழுத்தியதும் நிறமெல்லாம் ஆறு மாதிரி ஓடுகிறதே. அந்தக் கணினியில் எப்படி அவ்வளவு வேகம்?

அங்கே கணக்கு எதுவும் நடப்பதில்லை. அன்றைய விஜிஏ திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் பதிவாகாது. 0 முதல் 255 வரை ஓர் எண்தான் பதிவாகும். எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பது 256 அறைகள் கொண்ட தனிப் பெட்டியில் இருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் 64 படி. ஆக 2,62,144 நிறங்களில் எந்த 256-ஐயும் பெட்டியில் வைக்கலாம். நிறங்களை அறைக்கு அறை ஒவ்வோர் இடம் தள்ளினால், படத்தைத் தொடாமலே திரை முழுதும் மாறும்.

இன்றைய திரைகளில் ஒவ்வொரு புள்ளியும் தன் நிறத்தைத் தானே சுமக்கிறது, ஆகவே இந்த வித்தை இயல்பாக வராது. டாஸ்பாக்ஸ் அதையும் நடித்துக் காட்டிவிடும். வேகமாக ஓடும் பளீர் நிறங்கள் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. வீட்டில் அப்படி யாரேனும் இருந்தால் ஓட்டிக் காட்டாதீர்கள்.

பழைய ஃபிளாப்பியில் நான் சேமித்த ஜிஃப் படங்கள் கிடைத்தன. ஜேபெக்காக மாற்றி வைத்துக்கொள்ளலாமா?

தயவுசெய்து வேண்டாம். மாற்றினாலும் மூலத்தை அழிக்காதீர்கள்.

ஃபிராக்டின்ட் சேமிக்கும் ஜிஃப் கோப்பு வெறும் படம் அல்ல. படத்தின் பின்னால் அதை வரைந்த அத்தனை எண்களும் ஒட்டிக்கொண்டிருக்கும்: வகை, நான்கு மூலைகளின் இடம், சுற்று எண்ணிக்கை எல்லாம். மற்ற மென்பொருள்களின் கண்ணுக்கு அது தெரியாது. ஃபிராக்டின்ட்டில் ஆர் அழுத்தி அந்தக் கோப்பைத் திறந்தால், விட்ட இடத்திலிருந்து மேலும் உள்ளே போகலாம். பாதி வரைந்த படத்தைச் சேமித்திருந்தால் மீதியை வரைந்து முடிக்கும். மின்வெட்டு காலத்தில் அது எங்களுக்குத் தெய்வம் போல. குறிப்பிட்ட நிமிடத்துக்கு ஒருமுறை தானே சேமிக்கச் சொல்லிவிட்டுத் தூங்கப் போவோம்.

வேறொரு மென்பொருளில் திறந்து மறுபடி சேமித்த நொடியில் அந்த வால் அறுந்துவிடும். 2004-இல் இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று என்னுடைய இருநூற்றுச் சொச்சம் படங்களை நானே ஜேபெக்காக மாற்றி, மூலங்களை அழித்தேன். மிச்சமானது ஒரு ஃபிளாப்பி அளவுகூட இல்லை. அதன் பிறகுதான் அடுத்த கேள்வியின் அருமை எனக்குப் புரிந்தது.

'பார்' என்று முடியும் கோப்புகள் எதற்கு? திறந்தால் ஏதோ எழுத்தும் எண்ணுமாக இருக்கிறது.

அதுதான் சமையல் குறிப்பு. முந்தைய பதிலில் சொன்ன வாலைத் தனியாக எடுத்து, மனிதர் படிக்கும்படி எழுதி வைத்தது. பி விசையை அழுத்தினால் திரையிலுள்ள படத்துக்கு இப்படியொரு குறிப்பு எழுதப்படும். நான்கைந்து வரிதான் வரும். காகிதத்தில் எழுதிக்கூட நண்பருக்குக் கொடுக்கலாம். அவர் தட்டச்சு செய்தால் அதே படம் அவர் திரையில் வரும். மெதுவான தொலைபேசி இணைப்பில் படத்தை அனுப்பப் பல நிமிடம் ஆன காலத்தில் மக்கள் குறிப்பைத்தான் அனுப்பிக்கொண்டார்கள்.

பரணில் ஃபிளாப்பி கிடைத்தால் முதலில் படி எடுக்க வேண்டியது இவற்றைத்தான். கூடவே நிற அட்டவணையான 'மேப்', சூத்திரங்கள் உள்ள 'எஃப்ஆர்எம்' கோப்புகளையும் எடுங்கள். சொந்தச் சூத்திரத்தில் வரைந்த படமென்றால், குறிப்பு மட்டும் இருந்து சூத்திரக் கோப்பு இல்லாவிட்டால் பயனில்லை. சாம்பார் பொடி என்று எழுதியிருக்கும், பொடியில் என்ன இருந்தது என்று எழுதியிருக்காது.

அதே குறிப்பைக் கொடுத்தேன். ஆனால் படம் கொஞ்சம் மாறி வருகிறது. ஏன்?

மூன்று காரணங்களைப் பார்த்திருக்கிறேன். அடிக்கடி காண்பது, வேகத்துக்காகச் செய்யும் ஊகம். ஃபிராக்டின்ட் ஒரு கட்டத்தின் ஓரங்களை மட்டும் கணக்கிட்டு, எல்லாம் ஒரே நிறமாக இருந்தால் உள்ளே உள்ளதும் அதே நிறம் என்று நிரப்பிவிடும். நூல் போன்ற மெல்லிய இழை அந்தக் கட்டத்துக்குள் ஒளிந்திருந்தால் தொலைந்துபோகும். எக்ஸ் திரையில் வரையும் முறையை 1 என்று மாற்றினால் ஒவ்வொரு புள்ளியும் கணக்கிடப்படும்.

அடுத்தது பதிப்பு. சில சூத்திரங்களின் நடத்தை பதிப்புக்குப் பதிப்பு திருத்தப்பட்டது. அதனால்தான் குறிப்பின் தொடக்கத்திலேயே 'ரீசெட்' என்ற சொல்லும் ஒரு பதிப்பு எண்ணும் இருக்கும். பழைய எண்ணைக் கண்டால் ஃபிராக்டின்ட் பழைய மாதிரியே நடந்துகொள்ளும். 'இது என்ன வேண்டாத வரி' என்று அதை நீக்கியவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். மூன்றாவது, மேகம் போல வரும் பிளாஸ்மா வகை. அது தற்போக்கு எண்களால் ஆனது. அந்த எண்களைத் தொடங்கிவைக்கும் விதை எண் குறிப்பில் இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் புது மேகம்தான்.

உள்ளே போய்க்கொண்டே இருந்தால் ஓர் இடத்தில் படம் செங்கல் அடுக்கிய மாதிரி ஆகிவிடுகிறது. ஃபிராக்டலுக்கு முடிவு இல்லை என்றீர்களே?

ஃபிராக்டலுக்கு முடிவு இல்லை, எண்ணுக்கு இருக்கிறது. மேலே சொன்ன பைசாக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையிலான தூரம் ஒரு பைசாவுக்கும் கீழே போய்விட்டால், இரண்டுக்கும் ஒரே எண்தான் கிடைக்கும், ஒரே நிறம்தான் வரும். அதுதான் செங்கல். தசம எண் முறைக்கு மாறினால் ஏறக்குறைய 15 இலக்கம்வரை தாக்குப்பிடிக்கலாம். பிறகு மறுபடி செங்கல்.

1990-களின் நடுவில் வந்த பதிப்பு 19-இல், வேண்டிய அளவு இலக்கங்களை நீட்டிக்கொள்ளும் வசதியைச் சேர்த்தார்கள். 1-க்குப் பின்னால் 1600 சுழியம் போடும் அளவுக்குப் பெரிதாக்கலாம். வேகம் என்று ஒன்று இருக்காது, அதுதான் விலை. 2013-இல் கே. ஐ. மார்ட்டின் தம் சூப்பர்ஃபிராக்டல்திங் மூலம் வேறொரு வழி காட்டினார்: ஒரே ஒரு புள்ளியை மட்டும் நீண்ட இலக்கங்களில் கணக்கிட்டு, மற்றவை அதிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்பதைச் சாதாரண எண்களில் கணக்கிடுவது. ஆழம்தான் உங்கள் ஆசை என்றால் பழையதைக் கட்டி அழாமல் இந்த வழியில் வந்த கல்லெஸ் ஃபிராக்டாலர் போன்றவற்றுக்குப் போங்கள்.

இதில் கோலம் போட முடியுமா? அம்மாவுக்குக் காட்ட வேண்டும்.

முடியும். இந்த உறவு ஒட்டவைத்ததும் அல்ல. ஃபிராக்டின்ட்டில் எல்-சிஸ்டம் என்ற வகை உண்டு. செடி எப்படிக் கிளைக்கிறது என்பதை எழுத்துகளால் சொல்ல அரிஸ்டிட் லிண்டன்மேயர் என்ற உயிரியலாளர் 1968-இல் உருவாக்கிய முறை அது. இன்னொரு பக்கம், தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, கோலத்துக்கு இலக்கணம் எழுத முடியும் என்று 1974-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் காட்டினார்கள். பின்னாளில் எல்-சிஸ்டத்தால் படம் வரைந்தவர்கள் கோலங்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள்.

செய்து பாருங்கள். எஃப் என்றால் ஒரு கோடு முன்னே போ. கழித்தல் குறி என்றால் ஒரு பங்கு திரும்பு. எக்ஸ் என்றால் ஒன்றும் செய்யாதே, அது விதிக்கான இடம் மட்டும். கோணம் 8 என்று கொடுங்கள். வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு, 45 பாகை. தொடக்க வரி: −எக்ஸ்−−எக்ஸ். விதி: எக்ஸ் வரும் இடமெல்லாம் எக்ஸ்எஃப்எக்ஸ்−−எக்ஸ்எஃப்எக்ஸ் என்று மாற்று. எழுத்துகளை ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். விதியை ஒருமுறை பயன்படுத்தினால் நான்கு கோடுகளால் ஆன, ஒரு மூலையை ஊன்றி நிற்கும் சதுரம். இரண்டாம் முறை 20 கோடுகள்: ஒன்று போய்த் திரும்பி, மூன்று போய்த் திரும்பி, ஒன்று போய்த் திரும்பி எனத் தன்னையே குறுக்காகக் கடந்து புறப்பட்ட இடத்துக்கே வரும். மூன்றாம் முறை 84 கோடுகள். இந்த உருவத்துக்குக் கிருஷ்ணரின் கொலுசு என்று பெயர்.

சிக்குக் கோலத்தின் வழவழப்பு இதில் வராது, மூலைகள் செங்கோணமாகவே நிற்கும்; புள்ளியும் இருக்காது. என் அம்மா இதைப் பார்த்துவிட்டு, 'கை எடுக்காமல் போடுகிறது, சரி. ஆனால் இழுப்பில் உயிர் இல்லையே' என்றார்.

இதைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்ட முடியுமா?

பழைய படத்தை இழுத்துப் பெரிதாக்காதீர்கள், பல்லைக் காட்டும். குறிப்பு இருந்தால் படத்தைப் புதிதாக வேண்டிய அளவில் வரையலாம். திரை தாங்காத அளவென்றால், திரையில் காட்டாமல் வட்டிலேயே வரையும் முறை திரைப் பட்டியலில் இருக்கிறது. வேண்டியதைப் போல மூன்று மடங்கு அகலத்தில் வரைந்து, வேறொரு மென்பொருளில் முதலில் முழு நிறப் படமாக மாற்றி, பிறகு மூன்றில் ஒன்றாகச் சுருக்குங்கள். 256 நிறத்தின் முரட்டு ஓரங்கள் குழைந்துவிடும். நிறத்தை மாற்றாமல் சுருக்கினால் பயன் இல்லை. மூலக் கோப்பில் கை வைக்காமல் படி எடுத்துச் செய்யுங்கள். காரணம் மேலேயே சொல்லிவிட்டேன்.

டியராசான், கேபிடி, அபோஃபிசிஸ் எல்லாம் விண்டோஸ் மென்பொருள்தானே. அவையாவது நேராக ஓடுமா?

சில ஓடும். இங்கே சிக்கல் வேறு மாதிரி. 1990-களின் மென்பொருள் 32 பிட்டாக இருந்தாலும், அதை நிறுவும் நிரல் சிலவற்றில் 16 பிட்டாக இருக்கும், வாசலிலேயே நின்றுவிடும். உதவிக் கோப்பும் திறக்காது, பழைய உதவிக் கோப்புகளைத் திறக்கும் பகுதியை விஸ்டாவிலிருந்தே விண்டோஸ் கைவிட்டது. கேபிடி போட்டோஷாப்பை அண்டிப் பிழைத்த செருகி. 64 பிட் போட்டோஷாப் 32 பிட் செருகியை ஏற்காது. அதைச் செய்த மெட்டாடூல்ஸும் முன்பு சொன்ன ஃபிராக்டல் டிசைனும் 1997-இல் இணைந்தன. 2000-இல் கேபிடி கோரல் கைக்குப் போனது.

அபோஃபிசிஸ் தனி ரகம். ஸ்காட் டிரேவ்ஸ் 1992-இல் கண்ட 'சுடர்' முறையில் பட்டுத்துணி காற்றில் அலைவது போன்ற படங்களை வரையும். மார்க் டவுன்செண்ட் டெல்ஃபி என்ற நிரல்மொழியில் எழுதியது. இன்றும் பெரும்பாலான கணினிகளில் ஓடுகிறது.

கைவிடப்பட்ட மென்பொருள் என்றால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்தானே?

இல்லை. விற்பனையை நிறுத்தினால் உரிமை போய்விடாது. ஃபிராக்டின்ட்டை உரிமையாளர்களே பகிரச் சொல்லிவிட்டார்கள். ஆட்டோடெஸ்கின் கேயாஸையும் ரக்கர் பின்னாளில் மூல நிரலோடு இலவசமாக வெளியிட்டார். கேபிடி அப்படியல்ல. கேட்க ஆளில்லை என்பதும் அனுமதி உண்டு என்பதும் வேறு வேறு.

ஜிஃப் வடிவத்துக்கே இப்படியொரு உரிமைச் சிக்கல் வந்தது. அதன் சுருக்கும் முறைக்குக் காப்புரிமை தன்னிடம் இருப்பதாகச் சொல்லி, யூனிசிஸ் நிறுவனம் 1994 டிசம்பரில் கட்டணம் கேட்கத் தொடங்கியது. அந்த எரிச்சலில் பிறந்ததுதான் பிஎன்ஜி. உருவாக்கியவர்களில் நம் டிம் வெக்னரும் ஒருவர். அமெரிக்கக் காப்புரிமை 2003 ஜூனில் காலாவதியானது.

புதியதே இவ்வளவு இருக்கும்போது பழையதோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?

கட்ட வேண்டாம். படம்தான் வேண்டும் என்றால் அல்ட்ரா ஃபிராக்டலை வாங்குங்கள். சும்மா உள்ளே பறந்து பார்க்க வேண்டும் என்றால் எக்ஸாவோஸ் போதும். 1996-இல் யான் ஹுபிச்காவும் தாமஸ் மார்ஷும் தொடங்கிய அது முந்தைய சட்டகத்தின் புள்ளிகளையே மறுபடி பயன்படுத்துவதால் வழுக்கிக்கொண்டு போகும், இலவசமும்கூட. பழையது வேண்டியது இரண்டு பேருக்கு: கையில் பழைய குறிப்புகள் உள்ளவருக்கும், ஒரு படம் எப்படி உருவாகிறது என்பதை வரி வரியாகப் பார்க்க ஆசைப்படுபவருக்கும்.

என்னிடம் கோப்பே இல்லை. அந்தக் காலத்தில் அச்சடித்த ஒரு காகிதம்தான் இருக்கிறது. அந்த இடத்தை மறுபடி கண்டுபிடிக்க முடியுமா?

கடினம், ஆனால் முடியும். மாண்டெல்பிராட் படம் என்றால் அதிலேயே முகவரி எழுதியிருக்கிறது. அதன் பெரிய இதய வடிவ உடலைச் சுற்றி மொட்டுகள் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு மொட்டின் தலையிலும் ஒரு கொம்பு; கொம்பில் ஒரு சந்தி; அந்தச் சந்தியில் கூடும் கிளைகளை, மொட்டிலிருந்து வருவதையும் சேர்த்து எண்ணுங்கள். அந்த எண்ணிக்கைதான் மொட்டின் சுழற்சி எண். அருகிலுள்ள சுருள்களும் அதே எண்ணைத் திரும்பத் திரும்பக் காட்டும்.

காகிதத்தில் ஒரு சந்தியில் ஏழு கிளை தெரிந்தால், உடலில் நேராக ஒட்டியிருக்கும் ஏழாம் எண் மொட்டுகள் ஆறே ஆறுதான். கீழ்ப் பாதி மேல் பாதியின் கண்ணாடிப் பிம்பம் என்பதால் தேட வேண்டியவை மூன்று. ஒவ்வொன்றின் பக்கத்திலும் போய்ச் சுருளின் வளைவை ஒப்பிட்டுக்கொண்டே இறங்குங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பி அழுத்திக் குறிப்பு எழுதிவிடுங்கள். தவறான சந்தில் திரும்பிவிட்டால் பின்னால் வர உதவும். நிறத்தை நம்பாதீர்கள், அட்டவணை மாறினால் எல்லாம் மாறும். வடிவத்தை மட்டும் பாருங்கள்.

நான் அழித்த இருநூற்றில் இரண்டு மட்டும் புள்ளி அச்சு இயந்திரத்தில் அடித்த காகிதமாகத் தப்பியிருந்தன. ஐந்து கிளை இருந்ததை மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் பிடித்துவிட்டேன். இன்னொன்றின் சந்தியில் காகித மடிப்பு விழுந்திருக்கிறது. பதினொன்றா பன்னிரண்டா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் தெரியவில்லை. இப்போதைக்குப் பதினொன்று என்று வைத்துக்கொண்டு மேல் பாதியில் இரண்டாவது மொட்டில் இறங்கிக்கொண்டிருக்கிறேன்.